தவக்காலத்துல விட வேண்டியது கறியை, பருப்பை இல்லை

1. சாம்பல் புதன்ல இருந்து ஈஸ்டர் வரைக்கும் கறி சமைக்காத வீடுகளுக்காக ஒரு த்ரெட். நான் தர்மபுரி மாவட்டத்துல அரசு ஆஸ்பத்திரி டாக்டர். கொஞ்சம் நீளமா இருக்கும், சில இடத்துல காரமாவும் இருக்கும். பொறுமையா படிங்க. கிறிஸ்தவர் இல்லாதவங்களும் படிக்கலாம். புரட்டாசி விரதம், ஐயப்பன் மாலை, எதுக்கும் இதே கணக்குதான்.

2. எங்க மாவட்டத்துல கோவிலூர், கடகத்தூர், பி.பள்ளிப்பட்டி பக்கமெல்லாம் தலைமுறை தலைமுறையா கத்தோலிக்கக் குடும்பங்கள் இருக்கு. 1997-ல தர்மபுரி தனி மறைமாவட்டமாவே ஆச்சு. இங்க பல வீடுகள்ல தவக்காலம்னா முழுக்க கவுச்சி கிடையாது. சில வீட்டுல அதுக்குன்னு சட்டியே தனியா கழுவி வைப்பாங்க. அந்த வழக்கத்தை நான் மதிக்கிறேன். அதை விடச் சொல்லி இந்த த்ரெட் எழுதல.

3. என் சண்டை வேற. கறியை எடுத்துட்டீங்க, சரி. அந்த இடத்துல என்ன வெச்சீங்க? பல வீட்டுல பதில்: ஒண்ணுமே இல்லை. காலையில இட்லி, கார சட்னி. மதியம் சோறு, ரசம், அப்பளம், உருளைக்கிழங்கு வறுவல். ராத்திரி மிச்சச் சோத்துல மோர் ஊத்தி ஊறுகாய். கேட்டா, "தவக்காலம்தானே சார், எளிமையா இருக்கட்டும்." இதுக்குப் பேர் எளிமை கிடையாது. மூணு வேளையும் மாவுச்சத்தை மட்டும் திங்கிறது.

4. கணக்கைப் பாருங்க. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 46 கிராம் புரதம் வேணும்னு ஐ.சி.எம்.ஆர். சொல்லுது. ஒரு நாளைக்கு 300 கிராம் அரிசி சாப்பிட்டா அதுல வர்றது 22 கிராம் கிட்ட. நாலு பேர் வீட்டுல சாம்பாருக்கு 50 கிராம் துவரம் பருப்பு போடுறாங்க. அதுல மொத்தமே 11 கிராம், தலைக்கு 3 கூட வராது. இட்லி மாவுல இருக்கிற உளுந்தைச் சேர்த்தாலும் 30-ஐத் தொடாது. ரசத்துல புரதம் தேடாதீங்க.

5. இந்தப் பற்றாக்குறை வீட்டுல எல்லாருக்கும் சமமா வராது. அப்பா வேலைக்குப் போற இடத்துல ஒரு வடை, ஒரு டீ குடிச்சிடுவார். பையன் கடையில ஏதாவது வாங்கிடுவான். சமைச்சவங்க கடைசியா உக்காருவாங்க. அவங்க தட்டுக்கு வர்றது சட்டியில மிஞ்சின தண்ணிக் குழம்பு. அதுக்கு மேல, ஒருசந்தி இருக்கிறதும் பெரும்பாலும் அவங்கதான். தனக்கு ஒரு வேளை, மத்தவங்களுக்கு மூணு வேளை அடுப்பு.

6. தேசிய குடும்பநல ஆய்வு 5-ன்படி தமிழ்நாட்டுல 15 முதல் 49 வயசுப் பெண்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல. தவக்காலம் தொடங்குறதுக்கு முன்னாடியே இந்த நிலைமை. ஏற்கனவே ரத்தம் கம்மியா இருக்கிற உடம்புல இருந்து பருப்பையும் பயறையும் பிடுங்கிட்டு அதுக்கு தவம்னு பேர் வைக்காதீங்க. "தலை சுத்துது, மூச்சு வாங்குது"ன்னு ஓ.பி. வரிசையில வந்து நிக்கிற அம்மாக்களோட சாப்பாட்டைக் கேட்டா, பெரும்பாலும் மேல சொன்ன பட்டியல்தான்.

7. "டாக்டர், நோன்புன்னா கஷ்டப்படத்தானே வேணும்?" திருச்சபை விதியையே பாருங்க. கறி தவிர்க்கிற சுத்தபோசனம் 14 வயசு முடிஞ்சவங்களுக்கு. ஒருசந்தி 18 வயசு முடிஞ்சதுல இருந்து 59 முடியுற வரைக்கும். அதுவும் கட்டாயமா ரெண்டே நாள்: சாம்பல் புதன், பெரிய வெள்ளி. முட்டைக்கும் பாலுக்கும் தடை இல்லைன்னு 1966-லயே திருத்தந்தை ஆறாம் பவுல் தெளிவா சொல்லிட்டார். மீனும் கறிக் கணக்குல வராது. நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கிற தாய்க்கும் விலக்கு உண்டு, உங்க பங்குத்தந்தைகிட்ட கேட்டுப் பாருங்க.

8. ஆக, ரோமாபுரியை விட நம்ம சமையலறை கண்டிப்பா இருக்கு. கண்டிப்பா இருக்கிறது உங்க விருப்பம். ஆனா அந்தக் கண்டிப்பு யார் தட்டுல இறங்குதுன்னு பாருங்க. வயசுக்கு வந்த பொண்ணு, மாசமா இருக்கிற மருமக, எல்லாருக்கும் பரிமாறிட்டு கடைசியா சாப்பிடுற அம்மா. முடிவு பண்றவங்க ஒருத்தர், பட்டினி கிடக்கிறவங்க இன்னொருத்தர்.

9. சத்துணவு முட்டை. இதுக்கு நான் சத்தம் போட்டே தீருவேன். பள்ளிக்கூட நாள்ல தினமும் ஒரு முட்டை தர்றாங்க. தவக்காலம்னு எட்டு வயசுப் பிள்ளைகிட்ட "முட்டை வேணாம்னு சொல்லிடு"ன்னு சொல்லி அனுப்புற வீடு இருக்கு. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் தருவாங்க. ஒரு முட்டையில 6 கிராம் புரதம், ஒரு வாழைப்பழத்துல ஒரு கிராம். எட்டு வயசுக்கு சுத்தபோசனக் கடமையே கிடையாது. யாருக்காக இந்தத் தியாகம்? பிள்ளை முட்டையைச் சாப்பிடட்டும்.

10. இப்போ எதிர்க் கோஷ்டி. "40 நாள் கறி இல்லைன்னா மசில் கரைஞ்சிடும், பவுடர் வாங்குங்க"ன்னு ரீல்ஸ் போடுறவங்க. அதுல சில டாக்டர்களும் உண்டு, வருத்தமா இருக்கு. ஆரோக்கியமான ஆளுக்கு 40 நாள் கறி இல்லாததால ஒண்ணும் ஆகாது. பி12 பயம் காட்டாதீங்க. நல்லா இருக்கிற உடம்புல அது கல்லீரல்லயே வருஷக்கணக்குக்குச் சேமிப்பு இருக்கும், பால், தயிர்லயும் கிடைக்கும். 100 கிராம் கொள்ளுல சுமார் 22 கிராம் புரதம். அது நம்ம ஊர் மானாவாரிக் காட்டுல விளையுது. டப்பாவுல வர வேண்டிய அவசியம் இல்லை.

11. கொள்ளுன்னதும் "கொழுத்தவனுக்குக் கொள்ளு"ன்னு பழமொழி வந்துடும். அதைக் கேட்டே ஒல்லியா இருக்கிற பொண்ணுக்கு கொள்ளு கொடுக்க மாட்டேங்குறாங்க. கொள்ளு யாரையும் கரைக்காது. அது ஒரு பயறு, அவ்வளவுதான். தாராளமா கொடுங்க.

12. சரி, என்ன சமைக்கலாம்? புது ரெசிபி வேணாம். நம்ம ஆயாக்கள் சமைச்சதே போதும்.
திங்கள்: ராகி களி, கொள்ளு கடைசல்.
செவ்வாய்: சோறு, தட்டப்பயறு கத்திரிக்காய் குழம்பு.
புதன்: களி, பருப்பு சேர்த்துக் கடைஞ்ச புளிச்சக்கீரை.
வியாழன்: சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு.
வெள்ளி: சோறு, முளைகட்டின பச்சைப்பயறு குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல்.
சனி: சோறு, கெட்டிப் பருப்பு, வேர்க்கடலைத் துவையல்.
இதுல எதுவும் ஆடம்பரம் இல்லை. தவக்காலத்துக்கு இதை விட எளிமை என்ன வேணும்?

13. அளவுதான் முக்கியம். தலைக்கு ஒரு நாளைக்கு 75 கிராம் பருப்பு, பயறு. நாலு பேருக்கு 300 கிராம், எல்லா வேளைக்கும் சேர்த்து. இப்போ கூட்டுங்க: அரிசியில 22, பயறுல 16, ஒரு டம்ளர் பாலோ தயிரோ 6, ஒரு கைப்பிடி வேர்க்கடலை 7. மொத்தம் 51. கறியே இல்லாம கணக்கு நேராயிடுச்சு. அரிசிப் புரதத்துல எது குறையோ அதைப் பயறு ஈடு கட்டும். சோத்தோட பயறு சேர்த்து சாப்பிடுற நம்ம பழக்கம் சும்மா வந்தது இல்லை.

14. சமையல்ல மூணு விஷயம். பயறை ராத்திரியே ஊற வைங்க. கேஸும் மிச்சம், வயிறும் உப்பாது. முடிஞ்சா முளை கட்டுங்க. சாப்பாட்டுல எலுமிச்சையோ நெல்லிக்காயோ ஏதாவது ஒண்ணு இருக்கட்டும், பயறுலயும் கீரையிலயும் இருக்கிற இரும்புச்சத்து அப்பதான் நல்லா உடம்புல சேரும். சாப்பிட்ட கையோட டீ குடிக்காதீங்க, ஒரு மணி நேரம் கழிச்சுக் குடிங்க. டீ அந்த இரும்புச்சத்தைத் தடுத்துடும்.

15. "இதுக்கெல்லாம் காசு?" ரேஷன்ல துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய். ஆனா மாசத்துக்கு ஒரு கிலோதான், நாலு பேருக்கு நாளுக்கு 33 கிராம். பத்தாது, ஒத்துக்கிறேன். 2023-ல தர்மபுரியிலயும் நீலகிரியிலயும் அரிசிக்குப் பதிலா 2 கிலோ ராகி தர ஆரம்பிச்சாங்க. 100 கிராம் ராகியில 340 மில்லிகிராம் கால்சியம் கிட்ட இருக்கு. அதை மாட்டுக்கு வைக்காம களி கிண்டுங்க. மீதிப் பயறுக்கு, நீங்க வாங்காம விட்ட ஆறு ஞாயித்துக்கிழமை மட்டன் விலையைக் கூட்டிப் பாருங்க. அதுல 12 கிலோ பயறு வாங்கியும் மிஞ்சும்.

16. மிஞ்சுற காசை தவக்காலக் காணிக்கையா போடுங்க, ரொம்ப நல்ல விஷயம். ஆனா வரிசை முக்கியம். வீட்டுல பொண்ணுக்கு ஹீமோகுளோபின் 8 இருக்கும்போது உண்டியல் முதல்ல, அவ தட்டு அப்புறம்னு வைக்காதீங்க. ஏழைக்குக் கொடுக்கணும்னா, சத்து இல்லாம இருக்கிற ஏழை உங்க அடுப்படியிலயே நிக்கிறா.

17. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவங்க ஒருசந்திக்கு முன்னாடி டாக்டரைப் பாருங்க. மாத்திரையைப் போட்டுட்டு பட்டினி கிடந்தா சர்க்கரை திடீர்னு இறங்கி மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். கர்ப்பிணிங்க வேளை தவற வேணாம். இரும்புச்சத்து மாத்திரையை எந்த நோன்புக்காகவும் நிறுத்தாதீங்க.

18. பங்குத்தந்தைகளுக்கும் கன்னியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரே ஒரு ஞாயிறு, பூசை முடிஞ்சு அறிவிப்பு வாசிக்கும்போது சொல்லுங்க: பிள்ளைங்க முட்டை சாப்பிடலாம், கர்ப்பிணிக்கு நோன்பு இல்லை, வீட்டுல பயறு சமைங்க. நாங்க ஓ.பி.யில நூறு தடவை சொல்றதை விட நீங்க ஒரு தடவை சொன்னா வீடு கேக்கும்.

19. ஆண்களுக்கு: இந்த வெள்ளிக்கிழமை பயறை நீங்க ஊற வைங்க. சமைச்சவங்களை முதல்ல உக்கார வெச்சு, அடியில இருக்கிற கெட்டிக் குழம்பை அவங்க தட்டுல ஊத்துங்க. அதுவும் தவம்தான். உங்க வீட்டு தவக்காலக் குழம்பு எதுன்னு கீழ எழுதுங்க, தெரிஞ்சுக்கிறேன்.