பார்மேட் போடுவதற்கு முன்

கம்ப்யூட்டர் எழவில்லை என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் முதலில் காதில் விழுவது, “பார்மேட் போட்டுடலாம்” என்கிற வாக்கியம்தான். இந்த வாரம் அந்த வாக்கியத்துக்கு எதிராக எழுதுகிறேன். அதிலும் குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் கல்யாண வீடியோ எடிட் செய்கிற ஸ்டூடியோக்களில் மேசைக்கு அடியில் இருக்கும் ஹேக்கின்டாஷ் பெட்டிகளுக்காக எழுதுகிறேன்.

ஆப்பிள் செய்யாத கம்ப்யூட்டரில் ஆப்பிளின் மேக் ஓஎஸ்ஸை ஓடவைத்தால் அதற்கு ஹேக்கின்டாஷ் என்று பெயர். ஃபைனல் கட் புரோ என்ற எடிட்டிங் மென்பொருள், கம்ப்யூட்டர்களில் மேக்கில் மட்டும்தான் ஓடும். அதில் கை பழகிய எடிட்டருக்கு வேறு எதுவும் பிடிக்காது. அந்த வேலைக்குத் தாக்குப்பிடிக்கிற மேக் வாங்க ஒரு காலத்தில் லட்சங்கள் தேவைப்பட்டன. சென்னை ரிச்சி தெருவிலோ கோவையிலோ போர்டு, பிராசசர், ரேம், கிராஃபிக்ஸ் கார்டு என்று தனித்தனியாக வாங்கிக் கட்டினால் செலவு வெகுவாகக் குறைந்தது. மலையில் சிறு முதலோடு தொழில் தொடங்கிய பையன்கள் அந்த வழியில் போனதில் எனக்கு ஆச்சரியமில்லை.

2005 ஜூனில் ஸ்டீவ் ஜாப்ஸ், இனி மேக்குகளில் இன்டெல் பிராசசர்தான் என்று அறிவித்தார். 2006 ஜனவரியில் முதல் இன்டெல் மேக் வந்தது. நம் வீட்டு பிசியில் இருக்கிற அதே வகைப் பிராசசர் என்பதால் உலகெங்கும் ஆட்கள் முயன்று பார்க்கத் தொடங்கினார்கள். மேக்கில் மட்டும் இருக்கும் எஸ்எம்சி என்ற சிப்பிடம் விசாரித்த பிறகே சிஸ்டம் எழவேண்டும் என்று ஆப்பிள் காவல் போட்டது. அதற்காக வைத்த கோப்பின் பெயரே ‘டோன்ட் ஸ்டீல் மேக் ஓஎஸ் எக்ஸ்’. அந்தச் சிப்பைப் போலவே பதில் சொல்லும் மென்பொருளை எழுதி அதையும் தாண்டினார்கள். கமீலியன், க்ளோவர், இப்போது ஓபன்கோர் என்று, சிஸ்டத்தை எழுப்பிவிடும் பூட்லோடர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

இது உரிமத்துக்கு உட்பட்டதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆப்பிள் பெயர் தாங்கிய கருவியில் மட்டுமே மேக் ஓஎஸ் போடலாம் என்பது ஆப்பிளின் ஒப்பந்தம். அமெரிக்காவில் சைஸ்டார் என்ற நிறுவனம் 2008-ல் இப்படிக் கட்டிய பெட்டிகளை விற்க ஆரம்பித்தது. ஆப்பிள் வழக்குப் போட்டு 2009-ல் வென்றது. 2011-ல் மேல்முறையீட்டிலும் வென்றது. கட்டி விற்கிற தொழிலை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் பல வருடக் கல்யாணங்களைச் சுமந்துகொண்டிருக்கிற ஒரு பெட்டி படுத்துவிட்டால் அதை எழுப்பித்தான் ஆகவேண்டும். உள்ளே இருப்பது அடுத்த வீட்டு முகூர்த்தம்.

பட்டனை அழுத்தியதும் வேலை கைமாறிக் கைமாறிப் போகிறது. முதலில் போர்டில் இருக்கும் பயாஸ், ரேமும் டிஸ்க்கும் இருக்கின்றனவா என்று பார்க்கிறது. பிறகு டிஸ்க்கின் ஈஎஃப்ஐ என்ற சிறு பகுதிக்குள் இருக்கும் ஓபன்கோரை எழுப்புகிறது. ஓபன்கோர், கன்ஃபிக் பிலிஸ்ட் என்ற கோப்பைப் படித்து, அந்த பிசியை மேக்காகத் தோன்றவைத்து, ஆப்பிளின் சொந்த பூட் நிரலிடம் ஒப்படைக்கிறது. அது சிஸ்டத்தின் மையமான கர்னலை ஏற்றுகிறது. கர்னல் டிரைவர்களை ஏற்றி, சிஸ்டம் இருக்கிற டிஸ்க்கைத் தேடிப் பிடித்து, கடைசியில் லாகின் திரையைக் காட்டுகிறது. இதில் எந்தக் கையில் வேலை நின்றது என்று கண்டுபிடித்தால் பாதி வைத்தியம் முடிந்தது. விசிறி சுற்றியும் திரை கறுப்பாகவே இருந்தால் ரேமையோ போர்டையோ பார்க்கவேண்டும். ஓபன்கோரின் பட்டியலே வரவில்லை என்றால் ஈஎஃப்ஐ பகுதியையும் பயாஸின் பூட் வரிசையையும் பார்க்கவேண்டும். ஆப்பிள் சின்னம் வந்த பிறகு நின்றால், அந்தச் சின்னத்தை விலக்கி எழுத்துகளைக் காட்டச் சொல்லவேண்டும். கன்ஃபிக் பிலிஸ்டில் பூட் ஆர்க்ஸ் என்ற இடத்தில் ‘மைனஸ் வி’ சேர்த்தால் போதும், திரை முழுக்க வரிகள் ஓடும். நின்ற இடத்தில் இருக்கும் வரிகளை போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். சில சமயம் கடைசி வரி முடிந்துபோன வேலையாக இருக்கும், தவறு அதற்கு அடுத்த வேலையில் இருக்கும். ஆனாலும் தேடல் தொடங்கவேண்டியது அந்த வரியிலிருந்துதான்.

ஓர் ஐப்பசி மழையில் குன்னூரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் தம்பி ஒருவர் போன் செய்தார். “அண்ணா, ஆப்பிள் வருதுங்க. கோடு பாதி ஓடுதுங்க. அப்புறம் அப்படியே நின்னுக்குதுங்க.” அந்த வாரம் மரம் விழுந்து லைன் அறுந்து ஊரே கரண்ட் இல்லாமல் கிடந்தது. இடிக்குப் பயந்து பிளக்கைப் பிடுங்கி வைத்தவர், கரண்ட் வந்த பிறகு போட்டிருக்கிறார். எழவில்லை. கடையில் கேட்டதற்கு டிஸ்க் போயிருக்கும், பார்மேட் போடலாம் என்றிருக்கிறார்கள். இன்னும் ஒப்படைக்காத கல்யாணங்கள் அதே டிஸ்க்கில் இருந்தன.

எழுத்துகளைக் காட்டவைத்தோம். வரிகள் மளமளவென்று ஓடின. பிறகு ‘ஸ்டில் வெயிட்டிங் ஃபார் ரூட் டிவைஸ்’ என்று ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது. சிஸ்டம் இருக்கிற டிஸ்க் இன்னும் கண்ணில் படவில்லை, காத்திருக்கிறேன் என்கிறது கர்னல். இதைப் பார்த்து டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவெடுப்பது எளிது. ஆனால் ஓபன்கோர் எழுந்ததே அந்த டிஸ்க்கிலிருந்துதானே? செத்த டிஸ்க் எப்படி அதை எழுப்பும்?

பயாஸுக்குள் போனதும் விடை தெரிந்தது. மேலே தேதி பல வருடம் பின்னால் கிடந்தது. போர்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு பாட்டரி இருக்கும். சிஆர் 2032, 3 வோல்ட். பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை, கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் போர்டின் கடிகாரத்துக்கு பவர் சப்ளையிலிருந்தே சக்தி போய்க்கொண்டிருக்கும். பிளக்கைப் பிடுங்கினால்தான் பாட்டரிக்கு வேலை. மழைக்கும் இடிக்கும் பிளக்கைப் பிடுங்குவது மலையில் வீட்டுக்கு வீடு இருக்கிற வழக்கம். நல்ல வழக்கம், விடவேண்டாம். ஆனால் அதனால் இங்கே அந்தப் பாட்டரி சீக்கிரம் தீர்கிறது. உறைபனி விழுகிற மார்கழி, தை ராத்திரிகளில் சோர்ந்த பாட்டரி இன்னும் சோர்ந்துபோகும்.

பாட்டரி தீர்ந்ததும் பயாஸ் தன் பிறவிக் குணத்துக்குத் திரும்பிவிட்டது. ஹேக்கின்டாஷ் நிற்பதோ பயாஸில் நாம் மாற்றிவைத்த அமைப்புகளின்மேல். அந்த போர்டில் டிஸ்க் முறை ஏஹெச்சிஐயிலிருந்து இன்டெல்லின் ஆர்எஸ்டிக்கு மாறியிருந்தது. ஆர்எஸ்டி பயாஸுக்குத் தெரியும், மேக் ஓஎஸ்ஸுக்குத் தெரியாது. அதனால்தான் ஓபன்கோருக்கு அகப்பட்ட டிஸ்க் கர்னலுக்கு அகப்படவில்லை. புதுப் பாட்டரி போட்டோம், டிஸ்க் முறையை ஏஹெச்சிஐக்கு மாற்றினோம். செக்யூர் பூட், ஃபாஸ்ட் பூட், சிஎஸ்எம் மூன்றையும் அணைத்தோம். சிஎஃப்ஜி லாக் என்று ஒன்று உண்டு. பிராசசரின் ஒரு பதிவேட்டைப் பூட்டி வைப்பது அது. மேக் கர்னல் அங்கே எழுதப் பார்க்கும். பூட்டியிருந்து, கன்ஃபிக் பிலிஸ்டிலும் அதற்கு வழி செய்யாமல் இருந்தால் ஆரம்பத்திலேயே விழுந்துவிடும். அதையும் திறந்துவிட்டோம். பெட்டி எழுந்தது. ஒரு கிளிப்கூடப் போகவில்லை. சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற பாட்டரிக்காக அந்த டிஸ்க்கை அழித்திருப்பார்கள்.

அடுத்தது ஈரம். லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க பீரோவுக்குள் ஜீரோ வாட் பல்பு போட்டு வைக்கிற ஸ்டூடியோக்காரர்கள், அதே அறையில் கம்ப்யூட்டரைத் தரையில் சுவரோரமாக வைத்திருக்கிறார்கள். மேகம் ஜன்னல் வழியாக அறைக்குள் வந்து போகிற ஊர் இது. ரேமின் பொன் நிறக் கால்களில் மெல்லிய படலம் பிடித்தால் திரையே வராது. வந்தாலும் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு வரியில் நிற்கும். இப்படி இடம் மாறி மாறி நிற்பதுதான் ரேமுக்கு அடையாளம். பிளக்கைப் பிடுங்கி, ரேமைக் கழற்றி, கால்களை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு டக்கென்று சத்தம் கேட்கும்வரை அழுத்திப் பொருத்துங்கள். ஒரு ரேமை மட்டும் போட்டுப் பாருங்கள், பிறகு மற்றதை. பெட்டியைத் தரையிலிருந்து தூக்கி ஸ்டூலில் வையுங்கள்.

யூஎஸ்பியிலும் ஒரு சிக்கல் உண்டு. மேக் ஓஎஸ் ஒரு கன்ட்ரோலருக்கு 15 போர்ட் வரைதான் ஏற்கும், ஒரு யூஎஸ்பி 3 துளை அதில் இரண்டாகக் கணக்காகும். கணக்கு மீறினால் சில துளைகள் செயல்படாது. பென்டிரைவிலிருந்து பூட் செய்யும்போது ரூட் டிவைஸ் வரி வந்து நின்றால், முதலில் துளையை மாற்றிப் பாருங்கள்.

அப்டேட் போட்ட பிறகு எழவில்லை என்று வருகிறவர்கள் நிறைய. பெரிய அப்டேட்டுக்கு முன்னால் ஓபன்கோரையும் லிலு, வர்ச்சுவல் எஸ்எம்சி போன்ற, கெக்ஸ்ட் எனப்படும் டிரைவர் கோப்புகளையும் புதுப்பித்திருக்கவேண்டும். முகூர்த்த மாதங்களில் அப்டேட்டைத் தொடவே வேண்டாம். நன்றாக ஓடுகிற நாளிலேயே ஈஎஃப்ஐ பகுதியை அப்படியே ஒரு பென்டிரைவில் நகலெடுத்து, அதிலிருந்து ஒருமுறை பூட் செய்தும் பார்த்துவிடுங்கள். பயாஸ் பக்கங்களை போனில் படம் பிடித்து, பிரின்ட் எடுத்துப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டுங்கள். பாட்டரி தீர்ந்த அன்று அந்தத் தாள்தான் கைகொடுக்கும்.

இனிமேல் புதிதாக ஹேக்கின்டாஷ் கட்டலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில், வேண்டாம். ஆப்பிள் 2020-லேயே தன் சொந்தச் சிப்புக்கு மாறத் தொடங்கிவிட்டது. 2025-ல் வந்த டஹோதான் இன்டெல்லில் ஓடும் கடைசி மேக் ஓஎஸ் என்று அறிவித்தும்விட்டது. அதுவும் நான்கே நான்கு இன்டெல் மாடல்களில்தான் ஓடும். இன்னொரு பக்கம், 2024-ல் வந்த எம்4 மேக் மினி இந்தியாவில் 59,900 ரூபாயில் தொடங்கியது. இவ்வளவு சிரமப்பட்டுக் கட்டியதற்கு இருந்த காரணம் விலைதான். அந்தக் காரணம் இப்போது இல்லை. பழைய கிராஃபிக்ஸ் கார்டும் போர்டும் வீணாகாது. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருள் விண்டோஸிலும் ஓடும், லினக்ஸிலும் ஓடும்.

ஓடிக்கொண்டிருக்கிற பெட்டிகளைப் பற்றித்தான் என் கவலை. அவற்றின் டிஸ்க்குகள் பெரும்பாலும் 2017-ல் வந்த ஏபிஎஃப்எஸ் முறையில் இருக்கின்றன. விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியாது. கடையில் விண்டோஸ் பிசியில் சொருகிப் பார்த்து, எதுவும் தெரியவில்லை என்பதால் டிஸ்க் காலி என்று சொல்லிவிடுவார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். டிஸ்க்கைக் கழற்றி யூஎஸ்பி உறையில் போட்டு, அதே அளவுக்கோ அதைவிடவோ புதிய சிஸ்டம் இருக்கிற ஒரு மேக்கில் சொருகினால் உள்ளே இருப்பது பெரும்பாலும் தெரியும். ஃபைல்வால்ட் பூட்டுப் போட்டிருந்தால் அதன் பாஸ்வேர்டு வேண்டும்.

ஸ்டூடியோ வைத்திருக்கும் தம்பி, தங்கைகளே, கார்த்திகை முகூர்த்தம் தொடங்குவதற்குள் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்குங்கள். எக்ஸ்ஃபேட் முறையில் தயார் செய்து, இதுவரை எடுத்த கல்யாணங்களை அதில் நகலெடுத்து வையுங்கள். எக்ஸ்ஃபேட்டை மேக்கும் விண்டோஸும் படிக்கும். கம்ப்யூட்டரோடு ஒரே அறையில் வைக்காமல் வேறு வீட்டில் காய்ந்த இடத்தில் வையுங்கள். அந்த நகல் கையில் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த பிறகு, வேண்டுமானால் பார்மேட் போட்டுக்கொள்ளலாம்.