வீட்டுக்குள் நீச்சல் குளம்: ஆசையா, அவசியமா?

2019-ம் ஆண்டு ஜூலை 12-ந் தேதி சென்னை வில்லிவாக்கத்துக்கு ஒரு ரெயில் வந்து சேர்ந்தது. அதில் பயணிகள் இல்லை. தண்ணீர் இருந்தது!

ஏரிகள் வறண்டு, சென்னை தவித்த நேரம் அது. ஜோலார்பேட்டையில் இருந்து 50 வாகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஒரு வாகனுக்கு 50 ஆயிரம் லிட்டர்.

வீட்டில் கட்டும் சிறிய நீச்சல் குளம் ஒன்றை நிரப்பவும் ஏறக்குறைய அவ்வளவு தண்ணீர் வேண்டும்!

சொந்த வீடு கட்டுவோர் சிலருக்கு இப்போது நீச்சல் குளத்தின் மீதும் ஆசை. ஆசைப்படுவது தவறல்ல. ஆனால், முதலில் கணக்குப் பார்க்க வேண்டும்.

தண்ணீர்க் கணக்கு

குளத்தின் நீளம் 8 மீட்டர், அகலம் 4 மீட்டர், ஆழம் ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 48 ஆயிரம் லிட்டர் பிடிக்கும். நகரத்தில் ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பது அரசாங்கக் கணக்கு. அதன்படி, 4 பேர் உள்ள குடும்பத்துக்கு இது ஏறக்குறைய 3 மாதத் தண்ணீர்!

நன்றாகச் சுத்தம் செய்து வந்தால், அடிக்கடி தண்ணீரை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் வெயில் சும்மா இருக்குமா? நாளுக்கு அரை சென்டிமீட்டர் வற்றினாலும் 160 லிட்டர் போய்விடும். அது ஒரு மனிதனின் ஒரு நாள் பங்கை விட அதிகம்.

பஞ்சம் வந்தால் தடையும் வரும். 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம், நீச்சல் குளங்களில் குடிநீரை நிரப்பக் கூடாது என்று உத்தரவிட்டது. மீறினால் 5 ஆயிரம் ரூபாய் அபராதம்!

தினச் செலவு

கட்டும் செலவு ஒரு முறைதான். பராமரிப்புச் செலவோ தினமும் உண்டு. ஒரு குதிரைசக்தி மோட்டார் 8 மணி நேரம் ஓடினால் 6 யூனிட் மின்சாரம் ஆகும். மாதத்துக்கு 180 யூனிட். குளோரின் மருந்து, சுத்தம் செய்யும் ஆள் கூலி எல்லாம் தனி. கவனிக்காமல் விட்டால் பாசி பிடிக்கும், கொசு பெருகும். யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான்!

பணத்தை விடப் பெரியது

குழந்தைகள் உள்ள வீட்டில் குளம் ஆபத்தும் ஆகலாம். தண்ணீரில் விழுந்த குழந்தை பெரும்பாலும் கூச்சல் போடுவதில்லை. ஓசையின்றி மூழ்கிவிடும். நாலு பக்கமும் வேலி, தானாக மூடிக்கொள்ளும் கதவு, கண்ணை எடுக்காமல் காக்கும் பெரியவர் ஒருவர்... மூன்றும் வேண்டும்.

முடிவு என்ன?

ஆண்டு முழுவதும் தட்டுப்பாடில்லாத தண்ணீர், அன்றாடம் நீந்தும் பழக்கம், பராமரிக்கப் பணம், காவலுக்கு ஆள்... இந்த நான்கும் இருந்தால் குளம் கட்டலாம். ஒன்று குறைந்தாலும் அது வீண் செலவு.

பிள்ளைகளுக்கு அவசியம் நீச்சல் தெரிய வேண்டும். அது உயிர் காக்கும் வித்தை. கிராமத்தில் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் இறங்கி நீச்சல் கற்றவர்கள் ஏராளம். அவர்கள் யாரும் வீட்டில் குளம் கட்டியவர்கள் அல்ல!

நகரத்துப் பிள்ளைகளுக்குப் பொது நீச்சல் குளங்களும் பயிற்சியாளர்களும் உண்டு. அங்கே கட்டும் சிறு கட்டணத்தில் நீச்சல் வந்துவிடும். குளம் வீட்டில் இருக்க வேண்டியதில்லை. நீச்சல் பிள்ளையிடம் இருந்தால் போதும்.