மதர்போர்டா, மோட்டாரா?

நாவலூரில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் மாலை நேரங்களில் தானாகவே ரீஸ்டார்ட் ஆகத் தொடங்கியது. "ராம் போயிருக்கும்" என்றார் நண்பர். புதிது வாங்கி மாட்டினேன். இரண்டு நாள் ஒழுங்காக ஓடியது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. மூன்றாம் நாள் பழைய கதைதான். வந்து பார்த்த சர்வீஸ்காரர், மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்றார். அப்பா பணம் எடுக்கக் கிளம்பிவிட்டார்.

நான் சாஃப்ட்வேர் என்ஜினியர். ஆபீஸில் ஒரு பக் வந்தால், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்போம். வீட்டுக்கு வந்ததும் அந்தப் புத்தி எங்கே போகிறதோ! நீங்களும் இப்படித்தானே? தேவையில்லாத புரோகிராம்களை நீக்கி, ஆன்டிவைரஸை மாற்றி, விண்டோஸையும் அப்டேட் செய்துவிட்டு, "இப்போது வேகமாக இருக்கிறது" என்கிறோம். எதனால் என்று கேட்டால் பதில் இல்லை.

பீச் - தாம்பரம் மின்ரயிலில் போகிறவர்கள் தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனைப் பார்த்திருப்பீர்கள். 1928-ல் அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர் அது. நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு இல்லாமல் காசநோய் குணமாகாது என்று அன்று நம்பினார்கள். படுக்கைகளோ மிகக் குறைவு. 1956-ல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மையம் (இன்று சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) அந்த நம்பிக்கையைச் சோதித்தது. நோயாளிகளைக் குலுக்கல் போலப் பிரித்து, ஒரு பிரிவை சானடோரியத்திலும் மற்றதை வீட்டிலும் வைத்து, 12 மாதம் ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். டாக்டரே தேர்ந்தெடுத்தால், தேறக்கூடியவர்கள் ஒரு பக்கம் போய்விடலாம் அல்லவா? அதற்குத்தான் குலுக்கல். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் ஓய்வும் குறைவு. அப்படியும் 1959-ல் வெளியான முடிவில் இரு பிரிவினரும் கிட்டத்தட்ட ஒரே அளவில் தேறியிருந்தார்கள்! குடும்பத்தினரை 5 ஆண்டுகள் கவனித்தும் கூடுதல் ஆபத்து தெரியவில்லை.

நான் செய்தது இவ்வளவு பெரிய காரியம் இல்லை. ரீஸ்டார்ட் ஆகும் நேரத்தை ஒரு நோட்டில் குறித்தேன். 5 நாளில் 7 முறை. எல்லாமே அபார்ட்மென்ட் தண்ணீர் மோட்டார் போடும் நேரம். வாட்ச்மேனைக் கேட்டேன். ராம் மாற்றிய அந்த இரண்டு நாளும் மோட்டார் ரிப்பேராம், லாரித் தண்ணீர்தானாம்!

ஃபைல்களை சேவ் செய்துவிட்டு, யூபிஎஸ் பிளக்கைப் பிடுங்கினேன். கம்ப்யூட்டர் உடனே அணைந்தது. பேட்டரி செத்திருந்தது. மோட்டார் ஓடத் தொடங்கும்போது வோல்டேஜ் இறங்கினால் தாங்க வேண்டியது அதுதானே? புது பேட்டரி போட்டு, பழைய ராமையே திரும்ப மாட்டினேன். ஒரு மாதம் ஆகிறது, ரீஸ்டார்ட் இல்லை.

புது ராம் மேஜை டிராயரில் கிடக்கிறது. அதை யாருக்காவது விற்க முடியுமா என்று அப்பா தினமும் கேட்கிறார்.