அரிசி எந்த வருஷத்துது?

கடையில் அரிசி வாங்கும்போது நாம் தவறாமல் கேட்கும் கேள்வி, ‘பழசா, புதுசா?’ பழைய அரிசிதான் உதிரி உதிரியாக வேகும், விலையும் கூட. ஆனால், ‘எந்த வருஷத்து நெல்?’ என்று யாராவது கேட்டிருக்கிறோமா?

பிரான்ஸில் ஒயின் வாங்குபவர்கள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். திராட்சை பறித்த ஆண்டு லேபிளிலேயே இருக்கும். அங்கே பர்கண்டி பகுதியில் 1354-லிருந்து அறுவடைத் தேதிகளை ஆய்வாளர்கள் திரட்டியிருக்கிறார்கள். வெப்பம் ஏறியதால், 1988-க்குப் பிறகு அறுவடை சராசரியாக 13 நாள்கள் முந்திவிட்டது. 2021 ஏப்ரலில் உறைபனி துளிர்களைக் கருக்கியது; 2022-ல் அனலும் வறட்சியும். இரண்டு ஆண்டுச் சரக்கும் ஒன்றல்ல என்பது வாங்குபவருக்கே தெரியும்.

எங்கள் திருவிடைமருதூரில் அந்தக் கணக்கு வயலோடு நின்றுவிடுகிறது. “எந்த வருஷம் நல்லா விளைஞ்சுது பெரியப்பா?” என்று கேட்டேன்.

“மேட்டூர் எப்ப தொறந்தாங்கன்னு சொல்லு, சொல்றேன்” என்றார்.

வழக்கமான தேதி ஜூன் 12. 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். ஆனால், அந்தப் போகத்து சம்பாவை, அறுக்கும் நேரத்தில், 2023 பிப்ரவரி மழை சாய்த்துவிட்டது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. நனைந்த நெல்லை ரோட்டில் காயவைத்துக் காத்துக் கிடந்தார் பெரியப்பா. 2023-ல் தேதிப்படி திறந்தும், தண்ணீர் போதாமல் அக்டோபர் 10-ல் மூடினார்கள். 2024-ல் ஜூலை 28 வரை காத்திருந்தோம்; போர்வெல் இருந்தவர்களுக்குத்தான் குறுவை.

இதோடு இரவுப் புழுக்கமும் சேர்கிறது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவன வயல்களை வைத்து 2004-ல் வெளியான ஆய்வில், இரவு வெப்பம் 1 டிகிரி கூடினால் விளைச்சல் 10 சதவிகிதம் குறைவது தெரிந்தது. பால் பிடிக்கும் நேரத்தில் சூடு அதிகமானால் அரிசியில் சுண்ணாம்பு போல வெள்ளை விழும். அரைத்தால் குருணைதான் அதிகம்.

பக்கத்து ஊரில் பிறந்த ‘ஆடுதுறை 43’ நெல்லுக்கு ஊர்ப் பெயர் உண்டு. அரிசி மூட்டையில் பேக்கிங் தேதி உண்டு. விளைந்த ஆண்டுதான் இல்லை. அதனால் கெட்ட வருஷத்தின் நஷ்டம் விளைவித்தவர் கணக்கிலேயே தங்கிவிடுகிறது. சாப்பிடும் நமக்குத் தெரிவதே இல்லை.

அடுத்த முறை ‘பழசா, புதுசா’ கேட்கும்போது, எந்த வருஷம் என்றும் கேட்டுப் பாருங்கள். கடைக்காரருக்குத் தெரியாமல் இருக்கலாம். பெரியப்பாவுக்குத் தெரியும்.