ஆண் ஹார்மோன் என்று ஒன்று உண்டா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

டெஸ்டோஸ்டிரோன் ஆண் ஹார்மோன். ஈஸ்ட்ரோஜன் பெண் ஹார்மோன். பள்ளியில் படித்த இந்தப் பாடத்தைக் கல்லூரிக்கும் சுமந்து வந்துவிட்டோம். கோடிட்ட இடத்தை நிரப்ப இது போதும். ஆனால் ஒரு செம்மறிக் கிடாவின் உடலைப் புரிந்துகொள்ள இது போதாது. நம்மைத் தவறான வழியிலும் இட்டுச் செல்கிறது என்பது என் கருத்து.

கிடாவின் மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ், ஜி.என்.ஆர்.எச். என்னும் ஹார்மோனை விட்டுவிட்டுச் சுரக்கிறது. அதன் ஏவலால் பிட்யூட்டரி எல்.எச். ஹார்மோனை இரத்தத்தில் கலக்கிறது. எல்.எச். விந்தகத்தை அடைந்ததும் டெஸ்டோஸ்டிரோன் ஊறுகிறது. இவ்வளவும் நாம் மனப்பாடம் செய்ததுதான். சுவையான செய்தி இனிமேல்தான் வருகிறது. அந்த டெஸ்டோஸ்டிரோனில் ஒரு சிறு பகுதியை அரோமட்டேஸ் என்னும் நொதி ஈஸ்ட்ரடயாலாக, அதாவது நாம் 'பெண் ஹார்மோன்' என்று ஒதுக்கிவைத்த ஈஸ்ட்ரோஜனாக, மாற்றிவிடுகிறது. விந்தகத்திலும் இது நடக்கிறது, மூளைக்குள்ளேயும் நடக்கிறது. 'போதும், நிறுத்து' என்று மூளைக்கும் பிட்யூட்டரிக்கும் சொல்வதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. டெஸ்டோஸ்டிரோனுக்கும் அதில் பங்குண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது நானோகிராம் கணக்கில் இருக்க, ஈஸ்ட்ரடயாலோ பிக்கோகிராம் கணக்கில் இருந்துகொண்டு இந்த வேலையைச் செய்கிறது!

காயடித்த கிடா கொழுக்கும், முட்டாது என்பது கிராமத்திலிருந்து வரும் நண்பர்களுக்குத் தெரியும். அதன் இரத்தத்தைச் சோதித்தால் எல்.எச். ஏறிக் கிடக்கும், கட்டுப்படுத்த ஆளில்லை அல்லவா? சிறிதளவு ஈஸ்ட்ரடயால் கொடுத்தால் இறங்கிவிடும். பெண்மைக்கு மட்டும் உரிய பொருள் என்றால் ஆணின் மூளை அதற்கு ஏன் செவி சாய்க்க வேண்டும்?

குதிரையின் கதை இன்னும் வியப்பானது. ஆண்குதிரையின் சிறுநீரில் ஈஸ்ட்ரோஜன் மிகுதியாக இருப்பதை பெர்ன்ஹார்ட் சோண்டெக் 1934-லேயே கண்டு எழுதினார். 90 ஆண்டுகள் கடந்தும் நம் குறிப்பேட்டில் பழைய முத்திரைதான்.

1940-களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒருவகைக் குளோவர்ப் புல்லை மேய்ந்த பெண் ஆடுகள் மலடாயின. ஈஸ்ட்ரோஜனைப் போல் செயல்படும் பொருள் அப்புல்லில் இருந்தது. அதை மேய்ந்த காயடித்த கிடாக்களுக்கோ காம்பு பெருத்துப் பால் சுரந்தது! காயடிக்காத கிடாக்கள் பெரும்பாலும் தப்பின. ஒரே ஹார்மோன் வேலை ஒவ்வோர் உடலிலும் ஒவ்வொரு விதமாக முடிகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்? நம் பாடத்தில் இதைக் காணோம்.

'தொடக்க மாணவர்களுக்கு எளிமை வேண்டாமா?' என்று விரிவுரையாளர்கள் கேட்கலாம். எளிமை வேண்டும்தான். ஆனால் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று பிரித்தவுடன், ஆணிடம் ஈஸ்ட்ரோஜன் என்ன செய்கிறது என்ற கேள்வியே மாணவனின் மனத்தில் எழாமல் போகிறது. வீட்டில் கேட்டுத் தெளிய வழியில்லாத என் போன்றோருக்கு வகுப்பில் எழாத கேள்வி பிறகு எழுவதே இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த உள்தேர்வில் 'ஆண் ஹார்மோன் எது?' என்று கேட்பதை விட்டுவிட்டு, 'காயடித்த கிடாவில் எல்.எச். ஏன் உயர்கிறது?' என்று கேளுங்கள். எங்களுக்கு எழுத அரைப் பக்கம் ஆகும். உங்களுக்குத் திருத்த நேரமும் கூடும். ஒரு முறை கேட்டுத்தான் பாருங்களேன்!