பண்ணுக்குப் பெயரிடும் உரிமை

நாம் பணியாற்றும் பங்கின் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கும் இளைஞர் ஒருவர் இருக்கிறார்; கெட்டிக்காரர். கடந்த தவக்காலத்தில் அவர் தம் கருவியின் சுரங்களுள் சிலவற்றைச் சற்றே ஏற்றியும் இறக்கியும் புதியதொரு சுருதியமைப்பை உருவாக்கினார். அதற்குச் 'செம்பாலை' என்று பெயரிட்டுக் கருவியிலேயே பதிந்தும் வைத்தார். புதிய பாடல் நூலுக்கான கையெழுத்துப் படியில் ஏழு பாடல்களின் தலைப்பில் 'பண்: செம்பாலை' என்ற வரி ஏறியிருந்தது. எவ்வாறு கண்டீர் என வினவினோம். சிதம்பரம் கீழவீதியில் நடந்தபோது ஒலிபெருக்கியில் கேட்ட தேவாரத்தைப் போல இருந்தது என்றார்.

அவர் அமைத்த இசையில் நாம் குறை காணவில்லை. செவிக்கு இனிமையாகவே இருந்தது. நம் வழக்கெல்லாம் அப்பெயரைப் பற்றியதே.

தேவாரப் பதிகங்கள் நட்டபாடை, தக்கேசி, கௌசிகம், மேகராகக்குறிஞ்சி என இருபதுக்கும் மேற்பட்ட பண்களில் வகுக்கப்பட்டவை. செம்பாலை அவற்றுள் ஒன்றன்று. சிலப்பதிகாரமும் அதன் உரைகளும் பேசும் ஏழு பாலைகளுள் ஒன்று அது. இன்றைய அறிஞர் பெரும்பாலோர் அதனை அரிகாம்போதியோடு இணைத்துக் காட்டுவர். ஆக, நம் இளைஞர் கேட்டது ஒன்று, எழுதியது வேறொன்று.

அந்தப் பழைய யாழின் நரம்புகள் எந்தச் சுருதியில் நின்றன என்பதிலேயே பெரியோர் வேறுபட்டனர். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் கிறிஸ்தவர், சித்த மருத்துவர். 1916இல் பரோடாவில் கூடிய அனைத்திந்திய இசை மாநாட்டிலும், 1917இல் வெளிவந்த கருணாமிர்த சாகரத்திலும் ஒரு ஸ்தாயிக்கு 24 சுருதி என்று அவர் வாதிட்டார். விபுலானந்த அடிகள் மட்டக்களப்பில் நம் புனித மைக்கேல் கல்லூரியில் பயின்றவர். சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராய் இருந்தவர். அவர் 1947இல் வெளிவந்த யாழ் நூலில் 22 சுருதி என்றே கணக்கிட்டார். வாழ்நாளின் பெரும்பகுதியை இதற்கே ஈந்த இருவர் ஒன்றுபடாத இடத்தில், ஒரு பொத்தானை அழுத்திச் செம்பாலை இதுவே என்று முடிவு கூற நாம் யார்?

கருவி செய்பவர்களிடமிருந்துதான் இப்பழக்கம் நம்மவரைத் தொற்றியது. அத்தகைய கருவிகள் பலவற்றில் 'அரபு' என்றொரு பொத்தான் உண்டு. மொராக்கோ முதல் ஈராக் வரை வாழும் மக்களின் இசை முழுவதும் அந்த ஒரு பொத்தானுக்குள் அடங்கிவிட்டதாம்! சிலவற்றில் 'பெலோக்' என்றும் உண்டு. அது ஜாவாத் தீவினரின் காமெலான் இசைக்குரிய சுருதி. அங்கே ஓர் ஊரின் காமெலானும் அடுத்த ஊரின் காமெலானும் ஒரே சுருதியில் நிற்பதில்லை; கொல்லர் தட்டித் தட்டிச் சேர்க்கும்போது ஒவ்வொரு தொகுதிக்கும் தனிக்குரல் அமைகிறது. அவற்றுள் போற்றப்படும் பலவற்றுக்குக் 'கியாய்' என்ற மரியாதை அடைமொழியுடன் தனிப்பெயர் சூட்டுகிறார்கள், ஒரு பெரியவரை அழைப்பதுபோல. பொத்தானுக்கு இம்மரியாதை தெரியாது.

பிறரைச் சொல்லிப் பயனென்ன? நம் திருச்சபையே இத்தவற்றைச் செய்திருக்கிறது. குருமடத்தில் கிரகோரியன் பாடல் பயின்ற எவரும் டோரியன், பிரிஜியன் என்ற முறைகளை அறிவர். இவை பண்டை மக்களினங்களின் பெயர்கள். 9, 10ஆம் நூற்றாண்டுகளின் துறவியர் இப்பெயர்களைப் பழைய ஏடுகளிலிருந்து எடுத்துத் தம் பாடல் முறைகளுக்குச் சூட்டினர். கிரேக்கர் டோரியன் என்றது வேறு வரிசை. இன்று டோரியன் என்றால் உலகம் துறவியரின் வரிசையையே எண்ணுகிறது; கிரேக்கனின் டோரியனை அறிய ஆராய்ச்சியாளரைத் தேட வேண்டியிருக்கிறது. அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆயினும் பெயர் போனது போனதுதான்.

நம் மண்ணில் இதன் வலி இன்னும் ஆழமானது. திருமுறைகண்ட புராணம் கூறுவதை நினைவுகூர்வோம். தில்லையில் தேவார ஏடுகள் மீட்கப்பட்டபோது அவற்றின் பண்கள் மறைந்திருந்தன. பண் வகுக்க அழைத்து வரப்பட்டவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண். அவர் ஊர் திருஎருக்கத்தம்புலியூர். விருத்தாசலம் பக்கத்து ராசேந்திரப்பட்டினம் என்றால் நம் மாவட்டத்தார் அறிவர். ஏடு தேடிய மன்னனின் பெயரும் நம்பியாண்டார் நம்பியின் பெயரும் யாவரும் அறிந்தவை. பண்ணைத் தந்த அப்பெண்ணின் பெயரை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அவர் முன்னோரான யாழ்ப்பாணரோ, ஆலய வாயிலுக்கு வெளியே நின்று யாழ் மீட்டியவர் என்கிறது பெரியபுராணம். வாயிலில் நிறுத்தப்பட்ட குலத்தார் காத்துத் தந்த செல்வம் இது. அதன் பெயரையும் அவர்களிடமோ, இன்று அதை ஓதி வாழும் ஓதுவாரிடமோ கேளாமல் எடுத்துக்கொள்வதா? திருமுழுக்குப் பதிவேட்டில் பெற்றோரைக் கேளாமல் எக்குழந்தைக்கும் நாம் பெயர் எழுதுவதில்லையே.

'பெயரை வைத்தாலாவது தமிழிசை பரவுமே' என்பார் உண்டு. பரவுவது பெயர் மட்டுமே. செம்பாலை என்று நம் பிள்ளைகள் கீபோர்டு ஒலியைக் கற்றுக்கொண்டால், மெய்யான பண்ணை நாளை கேட்கும்போது அதனைப் பிழையென்று நினைப்பார்கள்.

வேறு சிலர், சைவரின் பண் நமக்கெதற்கு, தொடாமலே இருப்போம் என்கின்றனர். இது முன்னதைவிட மோசமான வாதம். பாலைகளைப் பேசும் சிலம்பைத் தந்த இளங்கோவை சமண முனிவரென்றே பலரும் கருதுவர். நம் மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை இராகங்களில் அமைத்தார். அவர் முறையாகக் கற்று, கற்றவர் ஏற்கும் வடிவில் பாடியதால் இராகப் பெயரை எழுதும் உரிமை அவருக்கு இருந்தது. நாமும் கற்போம். அதுவரை 'தேவாரம் கேட்டு எழுந்த மெட்டு' என்று எழுதலாம். செய்தவர் தம் பெயரையோ தம் தெருவின் பெயரையோ சூட்டலாம்.

இளைஞரை ஒரு மாலை சிதம்பரத்திற்கு அழைத்துச் சென்றோம். ஓதுவார் ஒருவர் பொறுமையாகக் கௌசிகப் பண்ணில் ஒரு பதிகம் பாடிக்காட்டினார். சுரம் ஓரிடத்தில் நில்லாமல் அசைந்து அசைந்து சென்றது. எந்தச் சுரத்தை எவ்வளவு இறக்குவது என்று குறிக்கக் குறிப்பேட்டுடன் வந்தவர் ஒன்றும் எழுதவில்லை. திரும்பும் பேருந்தில் கடலூர் வரும்வரை பேசவுமில்லை.

கையெழுத்துப் படியில் அந்த ஏழு வரிகளும் இப்போது அடிக்கப்பட்டுவிட்டன. பாடகர் குழுவில் இருவருக்கு இன்னும் நம்மீது வருத்தம்தான்.