இடம் கூடாத பள்ளி

இடுக்கி எல்லையை ஒட்டிய பழனி மலையில், கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி 1901இல் அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது. அக்குடும்பங்கள் குறைந்தபோது அது கதவை அகலத் திறந்தது, 1976இல் ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலோரியேட்) பாடத்திட்டத்தை இந்தியாவுக்கு முதலில் கொண்டுவந்தது. மலை விடுதிப் பள்ளியில் சேர்க்கைக்கு வரம்பு உண்டு: கட்டில், கோடைத் தண்ணீர், சரிவில் கட்டட அனுமதி. மாணவர் எண்ணிக்கை ஏறாமல் நின்றாலும் சம்பளமும், மழையில் ஊறும் கூரைகளின் பராமரிப்பும் ஆண்டுதோறும் ஏறும். வரவுக்கும் செலவுக்குமான அந்த இடைவெளியைக் கட்டண உயர்வால் மட்டுமே நிரப்பினால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே மிஞ்சுவார்கள்; பன்னாட்டுப் பள்ளிக்கு அதைவிடப் பெரிய இழப்பு இல்லை. பழைய மாணவர்களின் நன்கொடையில் நிலைநிதி சேர்த்து, அதன் வட்டியை உதவித்தொகைக்கு ஒதுக்குவதே சரியான வழி. எல்லைக்கு அப்பால் இடுக்கியிலுள்ள மூணாறு, தேவிகுளம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கும் அதில் சில இடங்கள் வேண்டும்.